கேத்தலின் அடியில் ‘டபிள்யூ எச் 90’: வெள்ளியா, முலாமா?

சுண்டிக்குளிப் பேத்தி:
பூட்டனார் மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். அவருடைய தேநீர்ச் செட் எங்களிடம் இருக்கிறது: கேத்தல், பால் ஜக், சீனிக் கிண்ணம். 1995 இடப்பெயர்வின்போது அம்மம்மா சாக்கில் சுற்றிக் கோடிப்புறத்தில் புதைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து கிண்டி எடுத்தபோது கேத்தல் கரியாகக் கறுத்திருந்தது. மற்ற இரண்டும் விளிம்போரம் பச்சை பூத்திருந்தன.

கேத்தலின் அடியில் ‘டபிள்யூ எச்’, ‘90’, பக்கத்தில் சீன எழுத்துள்ள ஒரு சிறு முத்திரை. ஜக்கிலும் கிண்ணத்திலும் ஒரு கொடி, அதற்குள் ‘டபிள்யூ & எச்’; கீழே ‘இ பி என் எஸ்’ என்று தனித்தனிக் கேடயங்களுக்குள் நான்கு எழுத்துகள். நகரில் ஒரு கடையில் காட்டினேன். “சிங்க முத்திரை இல்லை, மூன்றும் முலாம்தான்” என்று பித்தளை விலை சொன்னார்கள். கொடுத்துவிடலாமா?

உரைகல்:
மூன்று தலைமுறையாகப் பட்டறை வைத்திருப்பவன் சொல்கிறேன் தங்கச்சி, முத்திரையை நம்பாதீர்கள். அப்படியொரு அச்சை வெட்ட எனக்கு அரை நாள் போதும். மூடியின் உட்புறத்தில் அரத்தால் ஒரு சிறு கீறல் போட்டு, ஒரு துளி நைத்திரிக்கமிலம் விடுங்கள். பச்சையாகப் பொங்கினால் முலாத்தின் கீழே இருப்பது செம்புக் கலவை. வெள்ளியென்றால் சாம்பல் நிறமாகும். ஐந்து நிமிட வேலை.

வண்ணைச் சேகரிப்பாளன்:
அரத்தைத் தொடவே வேண்டாம்! நூறு வருடத்துப் பொருளில் போட்ட கீறல் மறையாது. முதலில் எழுதியிருப்பதைப் படிப்போம்.

‘இ பி என் எஸ்’ என்றால் நிக்கல் வெள்ளியின் மேல் மின்முலாம். நிக்கல் வெள்ளி என்பது பெயர்தான். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த அதில் வெள்ளி துளியும் இல்லை. எழுத்துகளைக் கேடயங்களுக்குள் அடைத்திருப்பதால் பார்ப்பவர் அரசாங்க முத்திரை என்று நினைத்துவிடுவார். கொடி, ஷெஃபீல்ட் நகரத்து வோக்கர் அன்ட் ஹோல் நிறுவனத்தின் அடையாளம். ஆகவே ஜக்கும் கிண்ணமும் முலாம். அதில் கடைக்காரர் சொன்னது சரி.

உரைகல்:
கேத்தலிலும் அதே இரண்டு எழுத்துத்தானே? ஒரே கம்பனியின் ஒரே செட். ஒன்று வெள்ளி, இரண்டு முலாம் என்று எந்தக் கம்பனி விற்கும்?

வண்ணைச் சேகரிப்பாளன்:
இடையில் ‘&’ இருக்கிறதா என்று பாருங்கள் ஐயா. கேத்தலில் அது இல்லை, கொடியும் இல்லை. ‘டபிள்யூ எச் 90’ கன்ரனிலும் ஹொங்கொங்கிலும் கடை வைத்திருந்த வாங் ஹிங்கின் முத்திரை. 90 என்பது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. அருகிலுள்ள சீன எழுத்து, அதை அடித்துச் செய்த பட்டறையின் அடையாளம். மலாயாவில் வேலை பார்த்த ஒருவரின் வீட்டுக்கு ஹொங்கொங் வெள்ளி வந்து சேர்ந்ததில் என்ன வியப்பு? உடைந்துபோன பழைய கேத்தலுக்குப் பதிலாக இதை வாங்கியிருக்கலாம்.

சிங்கம் இல்லையே என்று தள்ளுவது பெரிய தவறு. நடக்கும் சிங்கம் இங்கிலாந்தில் சோதித்த ஸ்டேர்லிங் வெள்ளிக்கு உரியது, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு. சீனப் பட்டறைக்கு அது எதற்கு?

ஸ்காபரோ மருமகன்:
குறுக்கிடுகிறேன். எங்கள் மாமி வீட்டுக் கேத்தலில் சிங்கம், கிரீடம், ஓர் எழுத்து, ராணியின் தலை எல்லாம் இருக்கின்றன. கிரீடத்தைப் பார்த்து அரண்மனைச் சாமான் என்று வெகுகாலம் நம்பினோம். அது 1974 வரை ஷெஃபீல்டின் நகர முத்திரையாக இருந்ததாம். பேர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. அரசரின் தலை, வரி கட்டியதற்கான அடையாளமாக 1784 முதல் 1890 வரை குத்தப்பட்டது. எந்த வருடம் என்று சொல்லவேண்டியது அந்த ஓர் எழுத்து. மாமி வெள்ளிக்கிழமை தவறாமல் விபூதியால் தேய்த்ததில் அது மழுங்கிப் போய்விட்டது. முத்திரை உள்ள இடத்தைத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து.

உரைகல்:
சேகரிப்பாளரே, ஆங்கிலேய முத்திரை போலவே போலியாகக் குத்திய சீன வெள்ளியும் இருந்தது என்பதை மறுப்பீர்களா? அப்படியிருக்க ‘90’ என்ற எண்ணை மட்டும் எப்படி நம்புவது?

வண்ணைச் சேகரிப்பாளன்:
மறுக்கவில்லை. அதனால்தான் எல்லா அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். மண்ணே ஒரு சாட்சி: கேத்தல் கறுத்தது, மற்றவை பச்சை பூத்தன.

உரைகல்:
பத்துப் பங்கு செம்பு கலந்த வெள்ளியும் பச்சை பூக்கும். அது சாட்சி ஆகாது. கீறக் கூடாது என்றால் தண்ணீரில் நிறுத்துப் பாருங்கள். வெள்ளி அதே பருமனுள்ள தண்ணீரைப் போலப் பத்தரை மடங்கு பாரம். நிக்கல் வெள்ளி ஒன்பது மடங்குக்கும் குறைவு. உள்ளே காற்று நிற்காமல் முழுவதும் அமிழ வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் கொழும்புக்குப் போகக் காசில்லாமல் எத்தனையோ பேர் இப்படிப்பட்ட சாமான்களோடு என் வாசலுக்கு வந்தார்கள். முத்திரை பார்க்க எனக்கு நேரமில்லை, அவர்களுக்கும் இல்லை. நிறுத்தேன், காசு கொடுத்தேன், உருக்கினேன். அந்தக் காசில் பிள்ளைகள் கரை சேர்ந்தார்கள். உருக்குவதே பாவம் என்பது போல யாரும் பேசவேண்டாம்.

வண்ணைச் சேகரிப்பாளன்:
உங்களைக் குறை சொல்லவில்லை ஐயா. அன்றைய நிலை வேறு. இன்று இந்தப் பிள்ளைக்கு அவசரம் இல்லை, அதைத்தான் சொல்கிறேன். உருக்கினால் கிடைப்பது வெள்ளியின் விலை மட்டும். வாங் ஹிங் முத்திரையோடு முழுதாக இருந்தால் சேகரிப்பவர்கள் அதற்கு மேலேயே கொடுப்பார்கள்.

சுண்டிக்குளிப் பேத்தி:
சமையலறைத் தராசில் நிறுத்தேன். கேத்தல் 612 கிராம். வழிந்த தண்ணீர் ஏறக்குறைய 60. கிண்ணம் 261, தண்ணீர் 30. கேத்தலின் கைபிடியில் தந்தம் போன்ற இரண்டு வெள்ளை வளையங்களும் இருக்கின்றன.

உரைகல்:
கேத்தல் பத்து மடங்குக்கு மேல், கிண்ணம் எட்டே முக்கால். அந்த வளையங்கள் கைபிடியில் சூடு ஏறாமல் தடுக்க வைத்தவை. அவற்றால் கணக்குச் சற்றுக் குறைந்திருக்கும். கேத்தல் வெள்ளிதான், ஒப்புக்கொள்கிறேன். கடைக்காரர் மூன்றையும் ஒரே தட்டில் போட்டது பிழை.

மூடியின் கீல் ஆடுகிறதா தங்கச்சி? ஆடினால் கொண்டு வாருங்கள், இறுக்கித் தருகிறேன். அரம் எடுக்கமாட்டேன். அந்தச் சீன எழுத்தை நானும் ஒருமுறை வில்லை வைத்துப் பார்க்கவேண்டும்.

சுண்டிக்குளிப் பேத்தி:
ஆடுகிறது ஐயா. சனிக்கிழமை அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். விற்கப் போவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஜக்கையும் கிண்ணத்தையும்கூடப் பிரிக்கக் கூடாதாம்.