தேக்குவேலையில் கத்தி பட்டால் மஞ்சள் வைக்கலாமா?

ரங்கூன் உளி: தேக்கில் கொடிவேலை (கொடி, இலை வடிவச் செதுக்கல்) பழகும் பையன்களுக்கு இடது கட்டைவிரலில் அடிக்கடி வெட்டு விழுகிறது. உடனே மஞ்சள்தூளை அப்புகிறார்கள். சரிதானா? தையல் எப்போது தேவை?

மோல்மேன் தச்சன்: மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம் அண்ணே. தூள் உள்ளே தங்கிவிடும், தையல் போடுகிறவர்தான் அதைக் கழுவி எடுக்கத் திண்டாடுவார். சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிஷம் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கட்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கிறார்களே, அதுதான் கெடுதல்; உறைந்த ரத்தம் துணியோடு பிய்ந்து வந்து மறுபடி ஒழுகும். நின்றதும் குடிதண்ணீரை ஓடவிட்டு 5 நிமிஷம் கழுவி, சிலாம்பு (மரத்துணுக்கு) இருந்தால் சுத்தமான இடுக்கியால் எடுத்து, வாசலின் தடவி பிளாஸ்டர் ஒட்டுங்கள். ஸ்பிரிட்டைக் காயத்துக்குள் ஊற்றினால் நல்ல சதையும் கெடும்.

பெகு பட்டறை: வெட்டு வாய் பிளந்து நின்றாலோ, மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தாலோ, விரல் நுனி மரத்தாலோ, மடக்கி நீட்ட முடியாவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போகணும். உளிமுனைக் குத்தை அசட்டை பண்ணாதீங்க: வாய் சிறிசு, ஆழம் பெரிசு. டெட்டனஸ் ஊசி முழுசாகப் போட்டவர்களுக்கும், சுத்தமான சிறு வெட்டானால் கடைசி ஊசி 10 வருஷத்துக்குள் இருக்கணும். அழுக்கான, ஆழமான காயத்துக்கு 5 வருஷத்துக்குள். மழைக்காலத்தில் நனைந்த பிளாஸ்டரை உடனே மாற்றுங்க.

மோல்மேன் தச்சன்: இன்னொன்று. கட்டையைக் கையில் பிடிக்காமல் பெஞ்சில் இறுக்கச் சொல்லுங்க. வெட்டுத்தடுப்புக் கையுறை கத்தி இழுப்பைத் தாங்கும், முனைக் குத்தைத் தாங்காது. மழுங்கின கத்தியைச் சாணை பிடிக்காமல் அழுத்தினால் சறுக்கத்தான் செய்யும்.