கல்லூரியால வட்டாரத்துக்கு நிஜமா எவ்வளவு நிக்குது? (குடும்பக் குழு)

பாரி: ஃபார்வர்டு: "ஒரு கல்லூரி வருஷம் 1000 செலவழிச்சா சுற்றுவட்டாரத்துக்கு 2500 பலன்! சின்னக் கல்லூரியா இருந்தாலும் இதே கணக்குதான்!!"

பாரி: இது நிஜமா?

மணி சித்தப்பா: 1000த்த அப்படியே எடுத்து 2.5ஆல பெருக்கி வச்சிருக்காங்க. ரெண்டு எண்ணுமே தப்பு.

கயல்: 2.5 எங்கேருந்து வந்துச்சு சித்தப்பா?

மணி சித்தப்பா: பெருக்கிங்கறது வேற ஒண்ணுமில்ல. வட்டாரத்துக்குள்ள ஒருத்தர் கைக்கு 100 வருது. அதுல எவ்வளவு அதே வட்டாரத்துல மறுபடி செலவாகி நிக்குது? 60ன்னா 1/(1−0.6) = 2.5. 30ன்னா 1/(1−0.3) = 1.43. வட்டாரம் சின்னதாகச் சின்னதாகக் காசு வெளிய ஓடுற ஓட்டை பெருசாகும். நாட்டுக்குப் போட்ட பெருக்கிய நாலு தெருவுக்குப் போடக் கூடாது.

பாரி: சரி, 1000 ஏன் தப்பு? அவ்வளவையும் கல்லூரிதானே செலவு பண்ணுது

கயல்: பண்ணுது. எங்க பண்ணுதுங்கறதுதான் கேள்வி. மாதிரிக்கு ஒரு கணக்கு போடுறேன், எண்ணெல்லாம் நானா வச்சது.
1000ல சம்பளம் 600, கொள்முதல் 300, கட்டடம் 100. கட்டடம் ஒரு தடவைதான் வரும், வருஷக் கணக்குல சேர்க்கல.
சம்பளம் 600ல வரி, பிடித்தம் 25% போக 450. ஊழியர்ல 70% பேர் வட்டாரத்துல குடியிருந்தா 315. அதுல உள்ளூர்ல செலவாகி உள்ளூர்லயே தங்குறது 40%ன்னு வச்சா 126.

செல்வி அத்தை: கொள்முதல்ல கவனம் கயல். உள்ளூர்க் கடையில பில் போட்டதாலயே காசு உள்ளூர்ல நிக்காது. கம்ப்யூட்டர் வாங்கினா அதோட விலை செஞ்ச கம்பெனிக்குப் போயிடும், கடைக்காரர் கையில லாப விகிதம் மட்டும்தான் மிஞ்சும். பழுதுபார்ப்பு, துப்புரவு, காவல் மாதிரி வேலைன்னா கூலி கிட்டத்தட்ட முழுசும் இங்கேயே.

கயல்: ஆமா அத்தை. 300ல உள்ளூர் பில் 60ன்னு வைங்க. பாதி வேலைக்கூலி 30, முழுசா எடுத்துக்கலாம். பாதி சரக்கு 30, 20% லாபம்னா 6. ஆக 36.
126 + 36 = 162.

பாரி: 1000 சுருங்கி 162 ஆயிடுச்சா 😳

மணி சித்தப்பா: இன்னும் சுருங்கும். கல்லூரிக்கு அந்தப் பணம் யார் கொடுத்தது? உள்ளூர்க் குடும்பம் கட்டின கட்டணம்னா, கல்லூரி இல்லாட்டி அதே காசு வேற ஏதாவது உள்ளூர்ச் செலவுக்குப் போயிருக்கும். புதுசா ஒண்ணும் வரல. வருமானத்துல 30% அப்படின்னா 162ல 70% = 113தான் எடுக்கணும். ஆனா இந்தக் கல்லூரி இல்லாட்டி பிள்ளைய வெளியூருக்கு அனுப்பியிருப்போம்னு சொல்ற குடும்பம் இருக்கும். அவங்க கட்டணத்தைக் கழிக்கக் கூடாது, அது வெளிய போகாம தடுத்த காசு. மாணவர்கிட்ட கேட்டுத்தான் பிரிக்கணும், குத்துமதிப்பா போட்டா அங்கதான் கணக்கு கெடும்.

கயல்: மாணவர் செலவு: வெளியூர்ப் பிள்ளைங்க 300 பேர், வருஷத்துல 9 மாசம், தலைக்கு மாசம் 0.05 (அந்த 1000 எந்த அலகோ அதே அலகுல). மொத்தம் 135. வாடகை, சாப்பாடுன்னு இருக்கறதால 60% தங்கும், 81.
113 + 81 = 194. 1.43ஆல பெருக்கினா ஏறக்குறைய 278.

செல்வி அத்தை: அந்த 0.05ல கட்டணமும் ஹாஸ்டல் வாடகையும் இருக்கக் கூடாது. அதெல்லாம் கல்லூரிக்குள்ள போய்ச் சம்பளமா வெளிய வந்துடுச்சு. அதை மறுபடி மாணவர் செலவுல கூட்டினா ஒரே காசை ரெண்டு தடவை எண்றோம். நான் பார்த்த அறிக்கையில பாதி இதுலதான் ஊதுது.

பாரி: ஒரு சந்தேகம். அந்த 315 சம்பளம் வாங்குறவங்களும் இந்த ஊர்க்காரங்கதானே. அவங்க வருமானம் கணக்குல வரவே இல்லையே?

மணி சித்தப்பா: சபாஷ். கேள்வி என்னன்னு முதல்ல முடிவு பண்ணிக்கணும். கடைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் என்ன கிடைச்சுதுன்னா 278. வட்டாரத்து மொத்த வருமானம் எவ்வளவு கூடுச்சுன்னா, 315ல வெளிப்பணப் பங்கு (உள்ளூர்க் கட்டணம் 30% போக) 70% = 220 சேர்த்து 498. ரெண்டுமே சரி, ஆனா எது எதுன்னு எழுதாம விட்டா யாரும் நம்ப மாட்டாங்க. எப்படிப் பார்த்தாலும் 2500 கிடையாது.

மணி சித்தப்பா: புது வழியும் இல்ல இது. கல்லூரிக்குன்னு இந்தக் கணக்கை 1971லயே ஜான் காஃப்ரி, ஹெர்பர்ட் ஐசக்ஸ் ரெண்டு பேரும் அமெரிக்கக் கல்விக் கவுன்சிலுக்காகப் போட்டுக் காட்டிட்டாங்க.

கயல்: தரவு எடுக்கறதைச் சொல்றேன். சம்பளப் பட்டியல்ல பேர் வேண்டாம், அஞ்சல் குறியீடும் நிகரச் சம்பளமும் போதும். கொள்முதல் லெட்ஜரை சப்ளையர் முகவரிப்படி அடுக்கணும், ஆனா பில் முகவரி ஏமாத்தும்: கிளை பக்கத்துல, தலைமை ஆபீஸ் வேற ஊர்ல. பெரிய 30 சப்ளையரை ஒவ்வொண்ணா கையால சரிபார்த்தா பெரும்பாலான தொகை தெளிவாயிடும்.
மாணவர்கிட்ட "மாசம் எவ்வளவு ஆகும்"னு கேட்டா வாய்க்கு வந்ததைச் சொல்வாங்க. "போன 7 நாள்ல எதுக்கு எவ்வளவு, எங்க"ன்னு கேக்கணும். சேர்க்கை மாசத்துலயும் பரீட்சை மாசத்துலயும் வேண்டாம். ஹாஸ்டல், வெளி அறை, தினமும் வந்து போறவங்க, மூணு பேரையும் தனித்தனியா.

செல்வி அத்தை: கழிக்க வேண்டியதும் இருக்கு. நிறைய நாட்டுல கல்லூரி நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது, சாலை, தண்ணி, குப்பையெல்லாம் ஊர் நிர்வாகம்தான் பார்க்குது. அமெரிக்காவுல சில கல்லூரிங்க வரிக்குப் பதிலா தானா ஒரு தொகை கட்டுது, எல்லாமும் இல்ல. வாடகையும் ஏறும். வீட்டுக்காரருக்கு வரவு, பக்கத்துல குடியிருக்கறவங்களுக்குச் செலவு.

பாரி: படிச்சு முடிச்சவங்க?

மணி சித்தப்பா: நீண்ட காலத்துக்கு அதுதான் பெரிய விஷயம், இந்தச் செலவுக் கணக்குல அது வரவே வராது. அன்னா வலேரோ, ஜான் வான் ரீனன் 78 நாட்டுல ஏறக்குறைய 15,000 பல்கலைக்கழகத்தை வச்சுப் பார்த்தாங்க. மக்கள்தொகைக்கு ஏத்த பல்கலைக்கழக எண்ணிக்கை இரட்டிப்பான வட்டாரத்துல பின்னாடி தலா உற்பத்தி சுமார் 4% அதிகம். 4 மட்டும்தான், 40 இல்ல. அதுவும் சராசரி. படிச்ச பிள்ளைங்க வேற ஊருக்குப் போயிட்டா சின்னக் கல்லூரியோட வட்டாரத்துக்கு அதுல பெருசா எதுவும் மிஞ்சாது. முடிச்சு 5 வருஷம் ஆனவங்க எந்த ஊர்ல இருக்காங்கன்னு ஒரு பட்டியல் எடுத்தா போதும்.

பாரி: 278ஐக் கூட்ட வழி?

செல்வி அத்தை: பெரிய டெண்டரைச் சின்னதா உடைக்கணும். எல்லாத்தையும் ஒரே ஒப்பந்தமா போட்டா வெளியூர்ப் பெரிய ஆள்தான் எடுப்பார். அதைவிட முக்கியம், பில்லை 30 நாள்ல கொடுக்கணும். 90 நாள் கடன் தாங்குற தெம்பு சின்ன சப்ளையருக்கு இல்ல, அதனாலயே விலை கேட்டாலும் வரமாட்டார். ஊழியர் வட்டாரத்துலயே குடியிருக்க நல்ல வாடகை வீடு இருந்தா அந்த 70% தானா ஏறும்.

கயல்: விடுமுறை 3 மாசத்தை மறக்காதீங்க. கல்லூரி வாசல்ல இருக்கற கடை 9 மாச வியாபாரத்துல 12 மாச வாடகை கட்டுது. மாணவர் எண்ணிக்கை 10% குறைஞ்சாலே முதல்ல மூடறது அதுதான்.

பாரி: இந்தக் கணக்கை எக்செல்ல போட்டு அனுப்புவியா அக்கா? ஃபார்வர்டு அனுப்பினவருக்குக் காட்டணும்

கயல்: போடுறேன். 70%, 40%, 30% எல்லாம் தனிக் கட்டத்துல இருக்கும், உங்களுக்குத் தெரிஞ்ச எண்ணைப் போட்டுப் பாருங்க.

மணி சித்தப்பா: 1.43க்குப் பக்கத்துல 1.2, 1.6 ரெண்டையும் போட்டுவிடும்மா. ஒரே எண்ணைக் கொடுத்தா நாளைக்கு அதையும் ஃபார்வர்டு பண்ணுவாங்க.