தோள்மூட்டு இறங்கி, திரும்ப உள்ளே போட்ட பிறகும் கை தூக்க வரவில்லை: கட்டுப் போடலாமா?

பள்ளிப்பட்டான்:
48 வயது ஆள். பைக் சறுக்கி வலது தோள்மூட்டு முன்பக்கம் இறங்கியது. திருத்தணியில் அன்றே போட்டுவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. இன்றோடு 12 நாள். மேல்கையின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்திருக்கிறது, கை பக்கவாட்டில் எழவில்லை. வீட்டுப் பெரியவர்கள் புத்தூர் கட்டுக்குக் கிளம்பச் சொல்கிறார்கள். இது ஜவ்வா, நரம்பா?

நகரி பிசியோ:
மரத்த இடத்தைப் பார்த்தால் ஆக்ஸிலரி நரம்பு. மேல்கை எலும்பின் கழுத்தைச் சுற்றிப் போகிற நரம்பு அது. அந்த எலும்பின் பந்து போன்ற மேல்முனை முன்னால் இறங்கும்போது இழுபடும். ஸ்லிங்கில் கை இருக்கும்படியே முழங்கையை வெளிப்பக்கம் சுவரில் லேசாக அழுத்தச் சொல்லுங்கள், மறு கையால் தோள் சதையைத் தொட்டுப் பாருங்கள். சதை இறுகினால் நரம்பு வேலை செய்கிறது. இறுகாவிட்டாலும் பயம் வேண்டாம், பெரும்பாலும் சில மாதங்களில் தானாகத் திரும்பும். ஈஎம்ஜி (நரம்பும் தசையும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் மின்சோதனை) இப்போது எடுத்தால் காசுதான் வீண். அடிபட்ட 3, 4 வாரம் கழித்து எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும். 3 மாதத்தில் அசைவே இல்லை என்றால் நரம்பு அறுவை மருத்துவரிடம் போங்கள். 6 மாதம் தாண்டவிடாதீர்கள்.

கட்டு விஷயம்: மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது முறிந்த எலும்பு அசையாமல் இருக்க. இங்கே மூட்டு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, கட்டிப் பிடிக்க எதுவுமில்லை. எண்ணெய் போட்டு நீவி இழுத்தால் மூட்டு மறுபடி இறங்கலாம். மரத்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், சுட்டது தெரியாமல் கொப்பளித்துவிடும்.

எலும்பு டாக்டர்:
நரம்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள் சார். 40 தாண்டியவர்களுக்கு மூட்டு இறங்கினால் ரொட்டேட்டர் கஃப், அதாவது தோள் பந்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநாணும் கிழிவது உண்டு. தோள் சதை இறுகுகிறது, அடுத்தவர் பிடித்துத் தூக்கினால் கை முழுசாகப் போகிறது, தானாகத் தூக்க வரவில்லை என்றால் கிழிசல்தான் முதல் சந்தேகம். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. நரம்பு வரட்டும் என்று காத்திருப்பதில்தான் கிழிசல் தவறிப்போகிறது. நாண் உள்வாங்கி சதை கொழுப்பாகிவிட்டால் தைப்பது கஷ்டம். இந்த வாரமே எம்ஆர்ஐ, முடியாவிட்டால் தோளுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

பள்ளிப்பட்டான்:
ஸ்லிங் எத்தனை நாள் சார்?

எலும்பு டாக்டர்:
இந்த வயதுக்கு 1 முதல் 2 வாரம் போதும், அதிகமானால் மூட்டு இறுகிவிடும். விரல், மணிக்கட்டு, முழங்கையை இன்றைக்கே அசைக்கலாம். 6 வாரத்துக்கு பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க வேண்டாம். கை மேலேயும் பின்னாலேயும் போகிற அந்த நிலையில்தான் மூட்டு மறுபடி இறங்கும்.