8 வயதுப் பிள்ளைகளுக்கு டைனோசர்: எங்கிருந்து தொடங்குவது?

வாசகசாலை (கேள்வி)

வணக்கம். கோடை விடுமுறையில் ஊர் நூலகத்தில் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு டைனோசர்களைப் பற்றியும் அதற்கு முன்னும் பின்னும் வாழ்ந்த உயிர்களைப் பற்றியும் நான்கு வகுப்புகள் நடத்தவேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். இருபது பேர் வரை வருவார்கள். ப்ரொஜெக்டர் கிடையாது. ஒரு டப்பா நிறைய பிளாஸ்டிக் பொம்மைகளும் சுவரில் ஒட்ட ஒரு பெரிய படமும் இருக்கின்றன.

பெயர்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். எது எப்போது வாழ்ந்தது, இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்பதுதான் தெரியாது. மாமூத்தும் டி. ரெக்ஸும் ஒரே காட்டில் திரிந்ததாக நினைக்கிறார்கள். எந்த வரிசையில் சொல்லலாம்? கையால் செய்து பார்க்க என்ன கொடுக்கலாம்? நம் பக்கத்தில் நேரில் காட்ட ஏதாவது உண்டா?

கல்மரம்

முதல் வகுப்பைக் காலத்துக்கு ஒதுக்குங்கள். அதைச் செய்யாமல் மற்ற எதைச் சொன்னாலும் எல்லா விலங்குகளும் ஒரே படத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

6 மீட்டர் சணல் கயிறு, துணி கிளிப், கைக்கடக்கமான அட்டைகள் போதும். அளவு: 1 கோடி ஆண்டுக்கு 10 செ.மீ. அப்படியென்றால் 1 மி.மீ. என்பது 1 லட்சம் ஆண்டு. ஒரு நுனியில் ‘இன்று’ என்று அட்டை மாட்டுங்கள். அங்கிருந்து அளந்து வாருங்கள்.

நம் மனித இனம் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுகள், அதாவது 3 மி.மீ. கடைசி மாமூத்துகள் ஆர்க்டிக்கில் ரேங்கல் தீவில் ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தன. அந்த அட்டைக்கு இடமே கிடைக்காது. ‘இன்று’ கிளிப்பிலேயே சேர்த்து மாட்ட வேண்டியதுதான். அதன் பிறகு நீளமாக ஒன்றுமில்லாதது போல் ஓடி, 66 செ.மீ.யில் டைனோசர்களை அழித்த பேரழிவு. 66 முதல் 68 செ.மீ. வரை டி. ரெக்ஸ். 75 செ.மீ. பக்கம் வெலாசிராப்டர். 1.5 மீட்டரில் ஸ்டெகோசாரஸ், அதே இடத்தில் இறகு வைத்த ஆதிப் பறவை, ஜெர்மனியின் ஆர்க்கியாப்டெரிக்ஸ். 2.3 மீட்டரில் முதல் டைனோசர்கள். 2.52 மீட்டரில் அந்த 66 செ.மீ. பேரழிவைவிடப் பெரிய அழிவு ஒன்று. கடல் உயிர்களில் மிகப் பெரும்பாலானவை அப்போது போயின. முதுகில் பாய்மரம் வைத்த டைமெட்ரோடான் 2.8 மீட்டர் பக்கம், டைனோசர்களுக்கு வெகு முன்னால். 5.2 மீட்டரில் ட்ரைலோபைட்டுகள், ஓடு போர்த்திய பழங்காலக் கடல் உயிர்கள்.

மாட்டி முடித்ததும் ஒரு பிள்ளையை அழைத்து டி. ரெக்ஸுக்கும் ஸ்டெகோசாரஸுக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 80 செ.மீ.க்கு மேல் வரும். டி. ரெக்ஸிலிருந்து நமக்கு 66 தான். அந்த இரண்டையும் சண்டைக்கு விடும் படங்கள் ஏன் தவறு என்று அதன்பின் நீங்கள் சொல்லவே வேண்டாம். பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டு. இதே அளவில் 46 மீட்டர். கயிறு போதாது, வாசலைத் தாண்டித் தெருவில் நடந்து காட்டுங்கள்.

கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. பிள்ளைகள் கையில் பிடித்தால் கயிறு தொய்ந்து குறிகள் நகரும். சுவரில் இழுத்துக் கட்டிய பிறகே அளந்து குறியுங்கள். நைலான் கயிறு இழுபடும், வேண்டாம்.

ஓணான்

கயிறு அவசியம்தான், ஆனால் முதல் நாளே வேண்டாம் என்பேன். 8 வயதில் கோடி என்பது வெறும் சத்தம். மாட்டப் போகும் விலங்கைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்தால்தான் கிளிப் மாட்டுவதில் ஆர்வம் வரும். அந்தப் பொம்மை டப்பாவிலிருந்து தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் தரையில் கொட்டி, ‘இதில் டைனோசர் எது, இல்லாதது எது?’ என்று பிரிக்க விடுங்கள். திருத்தாமல் பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓணானின் தொடை பக்கவாட்டில் விரிந்து, முழங்காலில் மடங்கி இறங்கும். டைனோசருக்குத் தொடை நேராக உடம்புக்கு அடியில் இறங்கும். இடுப்பெலும்பில் தொடை பொருந்தும் குழி அடைப்பில்லாத ஓட்டையாக இருப்பது அதோடு சேர்ந்த அடையாளம். டைமெட்ரோடான் பொம்மை இங்கேயே விழுந்துவிடும். அது பாலூட்டிகளின் பக்கத்துச் சொந்தம். துடுப்புக் கை கொண்ட பிளீசியோசாரும் மோசாசாரும் கடலில் வாழ்ந்த வேறு ஊர்வன. பறக்கும் ஊர்வனவான டெரோசாரைப் பிடித்துச் சிறகைக் காட்டுங்கள்: நீண்டு வளர்ந்த ஒற்றை விரலில் தொங்கும் தோல் அது. டைனோசருக்கு ரொம்ப நெருங்கிய உறவு, ஆனால் தனிக் கிளை.

யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் மாமூத்தைத் தூக்கி, ‘இதுக்கும் கால் நேராத்தானே இருக்கு?’ என்று கேட்கும். சரியான கேள்வி. காலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, காலமும் வேண்டும். அந்த நிமிடத்தில் கல்மரத்தின் கயிற்றை எடுங்கள்.

பொம்மைகளில் உள்ள பிழைகளையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். வாலைத் தரையில் இழுத்து நிமிர்ந்து நிற்கும் டி. ரெக்ஸ் பழைய கருத்து. முதுகு கிடைமட்டமாகவும் வால் பின்னால் தூக்கியும் இருக்கவேண்டும். உள்ளங்கை கீழே பார்க்கக் கூடாது, கைதட்டும்போது இருப்பதுபோல ஒன்றையொன்று பார்க்கவேண்டும். வெலாசிராப்டர் வாலோடு சேர்த்து 2 மீட்டர் நீளம், இடுப்பு உயரம் அரை மீட்டர்தான். அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்திய முடிச்சுகள் இருப்பதை 2007-ல் கண்டார்கள்.

கோழிக்கடையில் நாலைந்து கோழிப்பாதம் வாங்கி, பத்து நிமிடம் வேகவைத்து ஆறவிட்டுக் கொடுங்கள். முன்னால் மூன்று விரல், ஒவ்வொன்றிலும் நகம், மேலே வரிசையாகச் செதில். ஈர மணலில் அழுத்தினால் மூன்று விரல் தடம் விழும். இரண்டு காலில் நடந்த இரைகொல்லி டைனோசர்களின் தடமும் இதே அமைப்புதான், அளவு மட்டும் பெரிது. கோழி மார்பின் முன்பக்கம் உள்ள கவட்டை எலும்பு டி. ரெக்ஸுக்கும் இருந்தது. பறவைகள் டைனோசர் கிளையின் மிச்சம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. முடிந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும்.

சிப்பி

கைவேலைக்குப் புதைபடிவ அச்சு எடுக்கச் சொல்லுங்க. இருபது பேருக்கு 3 கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், 3 கிலோ களிமண், கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அடியை வெட்டின பேப்பர் கப், கிளிஞ்சல் அல்லது நரம்பு தடித்த இலை. செலவு இவ்வளவுதான்.

களிமண்ணை 2 செ.மீ. கனத்துக்குத் தட்டி, எண்ணெய் தடவின கிளிஞ்சலை அழுத்தி நேரா மேலே தூக்கணும். ஆட்டி எடுத்தா ஓரம் சிதையும். குழியைச் சுத்திப் பேப்பர் கப் வளையத்தைக் களிமண்ணுல அழுத்தி நிறுத்துங்க. ஒரு பங்கு தண்ணி, ரெண்டு பங்கு பவுடர். தண்ணியில பவுடரைத் தூவுங்க. பவுடர்ல தண்ணி ஊத்தினா கட்டி கட்டியா நிக்கும். ஒரு நிமிஷம் ஊறவிட்டு மெதுவாக் கலக்கி, ஒரு ஓரத்திலேர்ந்து ஊத்துங்க. பலகையை லேசாத் தட்டினா காத்துக்குமிழ் மேலே வந்துடும். அரை மணியில கெட்டியாகும். முழுசாக் காய ஒரு நாள் வேணும், அதனால பேரை எழுதி அங்கேயே வெச்சுடுங்க.

தப்பாப் போற இடங்கள்: பழைய பவுடர் ஈரம் இழுத்திருந்தா இறுகவே இறுகாது, முந்தின நாளே ஒரு கரண்டி கலந்து பாத்துடுங்க. தண்ணி கூடினா உதிரும். போன தடவை கலந்த கிண்ணத்தைக் கழுவாம திரும்பக் கலந்தா கையிலேயே கெட்டியாகும். இருபது பேருக்கும் சேர்த்து ஒரே தடவை கலக்காதீங்க. நாலைந்து பேருக்கா கலங்க. இறுகும்போது சூடு வரும். பிள்ளைங்க கையை உள்ளே விட்டு அச்சு எடுக்கவே கூடாது, புண்ணாகிடும். பவுடரைப் பெரியவங்கதான் கையாளணும், மின்விசிறியை நிறுத்திட்டு. கழுவின தண்ணியைத் தொட்டியில ஊத்தினா குழாய் அடைக்கும். வாளியிலேயே இறுகவிட்டு வழிச்சு எடுத்துப் போடுங்க.

வெந்துபோன குழி ஒண்ணு, அதை நிரப்பின வார்ப்பு ஒண்ணுன்னு ரெண்டும் மேசையில கிடக்கும்போது விளக்குங்க: ஓடு கரைஞ்சு போனாலும் அது விட்ட குழி பாறையில நிக்கும், உள்ளே போன சேறு இறுகி இன்னொரு வடிவமும் கிடைக்கும். அரியலூர்ல கிடைக்கிற பல அம்மோனைட்டுகள் (சுருள் ஓடு வெச்ச பழைய கடல் உயிர்) இப்படி உள்ளே நிரம்பின வார்ப்புதான்.

கல்மரம்

சிப்பி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். களிமண் வேகாது, அது ‘அழுத்தின குழி’ என்று இருக்கவேண்டும். மற்றபடி அளவுகள் எல்லாம் சரி. பிளாஸ்டர் என்பது ஜிப்சத்தைச் சூடாக்கி நீரின் பெரும்பகுதியை வெளியேற்றிய பொடி. தண்ணீர் சேர்த்ததும் மறுபடி ஜிப்சமாகிறது, அதனால்தான் சூடு. பெரம்பலூர் மாவட்டம் காரையின் புதைபடிவப் பாறைகளில் ஜிப்சம் பட்டை பட்டையாக ஓடுகிறது. ஒரு துண்டு கிடைத்தால் பிளாஸ்டர் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

சுவர்ப்படத்தையும் சோதியுங்கள். ஸ்டெகோசாரஸ் காலடியில் புல்லும் பூவும் இருந்தால் அது பிழை. பூக்கும் தாவரங்கள் டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியத்தில்தான் பெருகின. புல்லைப் பற்றிய நல்ல சான்று நம் நாட்டிலேயே உண்டு: மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த கல்லாகிப்போன டைனோசர் சாணத்தில் புல்லின் நுண்ணிய சிலிக்கா துகள்கள் இருப்பதை 2005-ல் வெளியிட்டார்கள். கிரெட்டேசியத்தின் கடைசியில் புல் இருந்தது என்று அதிலிருந்து தெரிந்தது. சாணத்தை ஆராய்ந்தார்கள் என்றாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

காரைமண்

நேரில் காட்ட அரியலூர், பெரம்பலூர் பக்கம்தான். ஆனால் பிள்ளைகளிடம் டைனோசரைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துப் போகாதீர்கள், ஏமாந்துவிடுவார்கள். அங்கே பெரும்பாலும் கடல். கிரெட்டேசியக் காலத்தில் அந்த நிலம் கடலுக்கடியில் இருந்தது. அம்மோனைட், கணவாய்க்குச் சொந்தமான பெலெம்னைட், சிப்பி, சுறாப்பல் கிடைக்கும். ‘நம்ம ஊர் கடலுக்குள்ள இருந்துச்சா?’ என்பதே ஒரு நாளைக்குப் போதுமான ஆச்சரியம்.

வாரணவாசி அருங்காட்சியகத்தில் முதலில் மாதிரிகளைப் பார்த்துவிடுங்கள், கண் பழகும். திறக்கும் நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு சாத்தனூர் கல்மரம். சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அந்த மரத்தை 1940-ல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். காரைப் பள்ளங்களைப் பார்ப்பதானால் வெயிலுக்குமுன், காலையிலேயே போய்விடுங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போகவேண்டும், செருப்பு போதாது ஷூ வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. எதையும் பெயர்த்து எடுக்க விடாதீர்கள். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் காசை வைத்துப் படமெடுத்து, நோட்டில் வரையச் சொல்லுங்கள். இடத்தைவிட்டு எடுத்த கல்லில் பாதிச் செய்தி போய்விடுகிறது, எந்த அடுக்கில் இருந்தது என்பது தெரியாமல்.

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போவதானால் ஒன்று: அந்த மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை. கயிற்றில் 20 செ.மீ. டைனோசர் அழிந்து வெகு காலத்துக்குப் பிந்தியவை.

அரியலூரில் டைனோசர் எலும்பே இல்லையா என்றால், கல்லமேடு பக்கம் உண்டு. அங்குள்ள பாறை ஆற்று வண்டலால் ஆனது, கடலடியில் படிந்ததல்ல. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ல் அங்கிருந்துதான் ப்ருஹத்காயோசாரஸுக்குப் பெயரிட்டார்கள். கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம். முதலில் இரைகொல்லி என்று எழுதினார்கள், பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மற்றவர்கள் திருத்தினார்கள். எலும்புகள் நொறுங்கிப் போயின. வரைபடங்களும் புகைப்படங்களும்தான் மிச்சம். ‘உலகிலேயே பெரிய டைனோசர் நம்ம ஊர்ல’ என்று அடித்துச் சொல்லாமல், எலும்பு கையில் இல்லாதபோது அளவைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லுங்கள். முழு எலும்புக்கூடு பார்க்க ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் கோட்டாசாரஸ் நிற்கிறது.

வாசகசாலை

எல்லாருக்கும் நன்றி. பொம்மை முதல் நாள், கயிறு இரண்டாம் நாள், அச்சு மூன்றாம் நாள், கடைசியில் பயணம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். பெரம்பலூர் பக்கம் டைனோசர் முட்டை கிடைத்தது என்று வாட்ஸப்பில் சுற்றிய படத்தை ஒரு பையன் கட்டாயம் கொண்டுவருவான். என்ன சொல்வது?

காரைமண்

2020-ல் குன்னம் பக்கம் கிடைத்த உருண்டைக் கற்களின் படமாக இருக்கும். அவை முட்டை அல்ல என்று ஆராய்ந்தவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். கடலடிச் சேற்றில் அம்மோனைட் போன்ற ஒன்றைச் சுற்றிக் கனிமம் படிந்து படிந்து உருண்டையான கற்கள் அவை.

பையனைக் கடிந்துகொள்ள வேண்டாம், மூன்று கேள்வி கொடுங்கள். முதலாவது, ஓடு இருக்கிறதா? நிஜ முட்டையில் ஓரிரு மி.மீ. கனத்தில் தனி ஓட்டுப் படலம் தெரியும், உள்ளே இருக்கும் கல்லிலிருந்து நிறமும் மாறும். உருண்டைக் கல்லில் மேலிருந்து நடுவரை ஒரே பொருள், அல்லது வளையம் வளையமாக இருக்கும். இதற்காகக் கல்லை உடைக்க வேண்டாம், ஏற்கெனவே உடைந்து கிடப்பதைப் பார்த்தால் போதும். இரண்டாவது, அளவு ஒன்றுபோல இருக்கிறதா? மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளில் 256 முட்டைகள் கிடைத்ததை 2023-ல் வெளியிட்டார்கள். அவை 15 முதல் 17 செ.மீ. வரை, கூட்டுக்குள் நெருக்கமாக. எலுமிச்சை அளவிலிருந்து பூசணி அளவுவரை கலந்து கிடந்தால் முட்டையாக இருக்க வாய்ப்பில்லை. மூன்றாவது, சுற்றியுள்ள பாறை என்ன? டைனோசர் தரையில் முட்டையிட்டது. பக்கத்திலேயே அம்மோனைட் கிடந்தால் அது கடலடி.