பயங்கரவாத ஆய்வில் முதுநிலைப் படிப்பு: சமூகவியல் மாணவிக்கு இடமுண்டா?

புக்கிட் பாஞ்சாங் மாணவி:
வணக்கம். சமூகவியலில் இறுதியாண்டு படிக்கிறேன். 2020 டிசம்பரில் சிங்கப்பூரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்ட 16 வயது மாணவர், 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நடந்த தாக்குதலால் தூண்டப்பட்டு இங்குள்ள இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டிருந்தார் என்ற செய்தியைப் படித்த நாள்முதல், ஒரு பிள்ளை அந்த நிலைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. அவர் இந்திய இனத்தவர் என்பதால் வீட்டிலும் நெடுநேரம் பேசினோம். இத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற விரும்புகிறேன். இது காவல்துறையினருக்கான படிப்பு என்கிறார் அப்பா. எனக்குத் தமிழும் ஓரளவு மலாயும் தெரியும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஜூரோங் ஆய்வாளர்:
அப்பாவின் கவலையில் பாதி நியாயம் உண்டு: வேலையிடங்கள் குறைவு, பல ஒப்பந்த அடிப்படையிலானவை. ஆனால் இத்துறையில் இருப்பவர்களில் பலர் சமூகவியல், உளவியல், வரலாறு படித்து வந்தவர்களே. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எஸ். ராஜரத்தினம் அனைத்துலக ஆய்வுப் பள்ளியில் உத்திபூர்வ ஆய்வுகளில் முதுநிலைப் பட்டம் பெறலாம். அங்கேயே 2004 முதல் அரசியல் வன்முறை, பயங்கரவாத ஆய்வு மையம் ஒன்றும் இயங்குகிறது. அதன் ஆய்விதழை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்; விண்ணப்பத்துக்கு முன் சில இதழ்களையாவது படித்துவிடுங்கள்.

பட்டத்தின் பெயரைவிட ஆய்வுமுறையே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. மேரிலாந்துப் பல்கலைக்கழகம் தொகுத்த உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம் 1970இலிருந்து தொடங்குகிறது. ஆனால் 1993ஆம் ஆண்டின் மூலப் பதிவுகள் தொலைந்துவிட்டன. அதை அறியாமல் வரைபடம் போடுபவர், அந்த ஆண்டு உலகம் அமைதியாக இருந்தது என்று எழுதிவிடக்கூடும். பயங்கரவாத ஆய்வாளர் மார்க் சேஜ்மன் 2014இல் இத்துறை தேங்கிவிட்டதாக எழுதியபோது அவர் சுட்டியதும் தரவுக் குறையைத்தான்: முறை தெரிந்த கல்வியாளர்களிடம் தரவு இல்லை, தரவு வைத்திருக்கும் அரசுகளிடம் முறை இல்லை. ஆகவே புள்ளியியலையும் நேர்காணல் முறையையும் இப்போதே நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். மலாயை விடாதீர்கள், அதன் வழியே இந்தோனேசிய நீதிமன்ற ஆவணங்களை நேரடியாகப் படிக்கும் நிலைக்கு வரலாம்.

தோ பாயோ சமூக ஊழியர்:
தங்கைக்கு, கல்விக்கழகம் மட்டுமே வழியன்று. தென்கிழக்காசியத் தீவிரவாத அமைப்பான ஜமா இஸ்லாமியாவைச் சேர்ந்தவர்கள் இங்கே கைதான பிறகு, 2003இல், இங்குள்ள சமய ஆசிரியர்கள் தொண்டூழியர்களாகச் சமய மறுவாழ்வுக் குழுவைத் தொடங்கினார்கள். தடுப்புக்காவலில் உள்ளவர்களுக்குச் சமய ஆலோசனை தருவது அவர்கள் பணி. அதனுடன் உளவியலாளர்களின் பணியும், குடும்பத்தாருக்கான ஆதரவும் சேர்ந்தே நடக்கின்றன. கணவர் தடுத்துவைக்கப்பட்ட வீட்டில் பிள்ளையின் பள்ளிச் செலவை யார் பார்ப்பது என்பதும் இத்துறையின் கேள்விதான். அங்கே சமூகவியல் படித்தவர் மிகவும் தேவைப்படுகிறார்.

புக்கிட் பாஞ்சாங் மாணவி:
இருவருக்கும் நன்றி. இளநிலை ஆய்வேட்டுக்குத் தீவிரவாதக் குழுக்களின் பரப்புரையையே மூலமாகக் கொள்ளலாமா?

ஜூரோங் ஆய்வாளர்:
தனியாக எதையும் தேடிப் பதிவிறக்காதீர்கள். சட்டச் சிக்கலும் உண்டு, மனத்தையும் பாதிக்கும். முதலில் மேற்பார்வையாளரிடம் பேசி, பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவிடம் எழுத்துபூர்வ அனுமதி பெறுங்கள். இளநிலைக்கு, 2003 ஜனவரியில் அரசாங்கம் வெளியிட்ட ஜமா இஸ்லாமியா வெள்ளை அறிக்கையையும் அக்காலச் செய்தித்தாள்களையும் ஒப்பிடுவதே போதுமான வேலை.