மணிக்கு, அன்று, இல்: ஆங்கிலத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

டியூஷன் அக்கா, யாங்கோன்

சிங்கப்பூர் வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு பெண்ணுக்கு மாதிரி நேர்காணல் நடத்தினேன். எப்போது வேலையில் சேர்ந்தாய் என்றதற்கு "ஆன் 2019" என்றாள். அதையே தமிழில் சொல் என்றேன். "2019ல்" என்றாள். "2019 அன்று என்று சொல்வாயா?" என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். அதோடு அவளுக்கு அது பிடிபட்டுவிட்டது.

நேரம் சொல்வதில் முக்கால்வாசி வேலையைத் தமிழே முடித்து வைத்திருக்கிறது. ‘ஐந்து மணிக்கு’ என்று ‘க்கு’ வந்தால் அட். ‘திங்கட்கிழமை அன்று’, ‘15ஆம் தேதி அன்று’ என்று ‘அன்று’ ஒட்டினால் ஆன். ‘ஏப்ரலில்’, ‘2019இல்’, ‘காலையில்’ என்று ‘இல்’ வந்தால் இன். பண்டிகைக்குக்கூட இது பொருந்துகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போவேன் என்றால் அட் தீபாவளி, தீபாவளி அன்று கடை மூடியிருக்கும் என்றால் ஆன் தீபாவளி. அடுத்த வாரம், போன திங்கள், நேற்று ஆகியவற்றோடு நாம் எதையும் ஒட்டுவதில்லை. ஆங்கிலத்திலும் முன்னால் எதுவும் வராது. ஆனாலும் ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ தினமும் என் காதில் விழுகிறது.

பர்மியத்தில் யோசித்துவிட்டு ஆங்கிலம் பேசும் பிள்ளைகள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். அங்கே மணி, கிழமை, மாதம் எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஹ்மா’ போதும். நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

பன்சோடான் தம்பி

நேரத்துக்குச் சரி அக்கா. இடம் என்று வந்தால் அந்த ‘இல்’ நம்மைக் கைவிட்டுவிடுகிறதே! பெட்டியில், மேஜையில், வாசலில், மூன்றுக்கும் ஒரே உருபு. ஆங்கிலத்தில் இன், ஆன், அட் என்று மூன்றும் தனித்தனி.

என் சித்தி மகன் தலாவிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து வேலைக்கு வருகிறான். புது மேலாளர் வெளிநாட்டுக்காரர். இவன் ‘இன் தி ஃபெர்ரி’, ‘ஆன் தி டாக்ஸி’ என்று மாற்றி மாற்றிச் செய்தி அனுப்ப, அவர் ஒருநாள் "டாக்ஸி கூரை மேலா வருகிறாய்?" என்று கேட்டுவிட்டார். பிறகு அவனுக்கு ஒரு வழி சொன்னேன். உள்ளே எழுந்து நடமாட முடிகிற வண்டி என்றால் ஆன்: பஸ், ரயில், படகு, விமானம். குனிந்து ஏறி உட்கார்ந்தே வரவேண்டிய வண்டி என்றால் இன்: கார், டாக்ஸி. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மேலே ஏறி உட்காருவதால் ஆன். சைக்காவில், அதாவது பக்கத்தில் இருக்கை வைத்த மிதிவண்டியில், என்ன போடுவது என்று கேட்டான். நடந்து வா என்றேன்.

முகல் தெரு பேத்தி

எங்கள் தாத்தா பழைய கான்வென்ட் படிப்பு. ‘ஐ லிவ் இன் முகல் ஸ்ட்ரீட்’ என்பார். அந்தத் தெருவுக்கு ஷ்வே பொந்தா என்று பெயர் மாறியும் அவர் வாயில் இன்னும் முகல்தான். நான் செயலியில் ஆங்கிலம் படிப்பவள். அது ‘ஆன்’ என்றுதான் சொல்லித் தருகிறது. ஒரு வாரம் வீட்டில் இதே சண்டை. கடைசியில் பார்த்தால் இரண்டும் சரிதான். தெருவுக்கு இன் போடுவது பிரிட்டிஷ் பழக்கம், ஆன் போடுவது அமெரிக்கப் பழக்கம். கதவு எண்ணோடு சொன்னால் இருவருக்குமே அட். ஊருக்கு இன். மாடிக்கு ஆன், அந்த மாடியில் உள்ள அறைக்கு மறுபடியும் இன்.

மூலை என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். தெய்ன்ஜி சந்தைக்குப் பக்கத்தில் தெரு முனையில் என் அத்தைக்குத் துணிக்கடை. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவருக்கு அத்தை ‘இன் தி கார்னர்’ என்று எழுதி அனுப்பியிருந்தார். அவர் சந்தைக்குள் நுழைந்து ஒவ்வொரு மூலையாகத் தேடியிருக்கிறார், பாவம். அறைக்கு உள்ளே இருக்கும் மூலை என்றால் இன். தெரு முனை என்றால் அட் அல்லது ஆன்.

உளுந்துக்கடை அண்ணன்

எங்கள் தொழிலில் இதற்குக் காசு போகும். சென்னைக்கு உளுந்து அனுப்புகிறோம். எங்கள் குமாஸ்தா வாங்குபவருக்கு ‘வீ வில் சென்ட் தி டாக்குமெண்ட்ஸ் அண்டில் ஃப்ரைடே’ என்று மெயில் போட்டுவிட்டார். அவர் போன் செய்து, "வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் அனுப்பிக்கொண்டே இருப்பீர்களா அண்ணே?" என்று தமிழிலேயே கேட்டார்.

வெள்ளிக்குள் என்றால் பை (by), வெள்ளி வரை என்றால் அண்டில் (until). நம் பேச்சில் இந்த இரண்டையும் யாரும் குழப்புவதில்லை, ஆங்கிலத்துக்குப் போனால் மட்டும் கலந்துவிடுகிறது. ‘இன் டூ டேஸ்’ என்பதும் அப்படித்தான். இரண்டு நாள் கழித்து என்றுதான் வாங்குபவர் எடுத்துக்கொள்வார். இரண்டு நாளுக்குள் என்று உறுதி கொடுக்க வேண்டுமானால் வித்தின். கப்பல் தேதி நெருங்கும்போது இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை போன் வருகிறது தெரியுமா!

மோல்மேன்காரர்

டியூஷன் அக்காவுக்கு ஒரு ஆட்சேபம். ‘இரவில்’ என்று ‘இல்’ வருகிறது, ஆங்கிலத்திலோ அட் நைட். உங்கள் விதி அங்கே உதைக்கிறதே? ‘ஞாயிற்றுக்கிழமை காலையில்’ என்பதற்கும் ஆன் சண்டே மார்னிங்தான்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘மூன்று வருஷமாக’ என்றால் ஃபார், ‘2022லிருந்து’ என்றால் சின்ஸ். என் மருமகனோடு வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்கிறார்கள். கேட்டால் பல் கூசுகிறது.

டியூஷன் அக்கா, யாங்கோன்

மோல்மேன் ஐயா சொன்ன இரண்டும் சரி. அட் நைட்டைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதான், வேறு வழி இல்லை. காலை, மாலைக்கு முன்னால் கிழமையோ தேதியோ வந்துவிட்டால் அதுதான் முந்தும், ஆன்தான் வரும். வார இறுதிக்கு அட் போடலாமா ஆன் போடலாமா என்று இரண்டு பேர் எனக்குத் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அட் பிரிட்டிஷ், ஆன் அமெரிக்கன். நேர்காணலில் அதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், பயப்படாதீர்கள்.

அப்புறம், சிங்கப்பூரிலிருந்து ‘அட் நைன்’ என்று மெயில் வந்தால் அது யாருடைய ஒன்பது என்று முதலில் பாருங்கள். அவர்கள் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். அவர்கள் நேரப்படி என்றால் இங்கே ஏழரைக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியிருக்கும்.