கினோவா: கதிரில் பாதி பதர், சமைத்தால் கசப்பு. என்ன செய்யலாம்?

தொட்டிச்செடி:
வணக்கம். 20 லிட்டர் பைகளில் பைக்கு நாலு செடி என்று கினோவா போட்டேன். விதை கடையில் வாங்கிய பாக்கெட் தானியம்தான். செடி நெஞ்சளவு உயர்ந்து கதிரும் வைத்தது. ஆனால் கசக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் பதர். கிடைத்த மணியை அலசிச் சமைத்தால் ஒரே கசப்பு, பாக்கெட்டில் இருந்தது கசக்கவே இல்லை. பூக்கும்போது வெயில் கடுமையாக இருந்தது. எங்கே தவறு?

கதிரடி:
பதருக்குக் காரணம் வெயில்தான். பூக்கும் சமயத்தில் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செத்துவிடும், மணி பிடிக்காது. தேனீ வரவில்லையே என்று தேட வேண்டாம், பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர் இது. ரகத்தைப் பொறுத்து விதைத்த 50 முதல் 70 நாளில் பூக்கும். அந்த நாட்கள் குளிர்ச்சியான பருவத்தில் விழும்படி பின்னோக்கி எண்ணி விதையுங்கள். அறுவடைக்கு மொத்தம் 90 முதல் 120 நாள்.

20 லிட்டர் பைக்கு நாலு செடி அதிகம். ஆணிவேர் ஆழமாக இறங்கும், இரண்டே போதும். தரையில் என்றால் செடிக்குச் செடி ஒரு அடி விடுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் விதை போகக் கூடாது. முளைத்த முதல் இரண்டு வாரம் மண் சொதசொதவென்று இருந்தால் தண்டு அடியில் அழுகிச் சாயும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் செழிக்கும். கதிர் கனத்ததும் செடி சாய்ந்துவிடும்.

கலைத்தெடுக்கும் நாற்றுகளைக் கீரையாகச் சமைக்கலாம். ஆனால் களையாக முளைக்கும் சக்கரவர்த்திக் கீரை இதற்கு நெருங்கிய சொந்தம். சிறு வயதில் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். வரிசையாக விதைத்தால்தான் எதைப் பிடுங்குவது என்று தெரியும்.

முறமும்சல்லடையும்:
கசப்புக்கு வருகிறேன். பாக்கெட்டில் வருவது மேல்தோலைத் தீட்டியோ கழுவியோ எடுத்த தானியம். அதிலிருந்து முளைக்கும் செடி மறுபடி தோலோடுதான் மணி வைக்கும். அந்தத் தோலில் இருப்பது சப்போனின், பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கும் அதே வகைப் பொருள். வெறுமனே அலசினால் போகாது, தேய்க்க வேண்டும்.

முதலில் நன்றாகக் காய்ந்த கதிரை உதிர்த்து, சல்லடையில் சலித்து, முறத்தில் புடைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பங்கு மணிக்கு நாலைந்து பங்கு குளிர்ந்த தண்ணீர் விட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இரண்டு நிமிடம் அழுத்தித் தேய்த்து, நுரையோடு வடித்துவிடுங்கள். நுரை நிற்கும்வரை தண்ணீர் மாற்றுங்கள். கடைசியில் ஒரு பச்சை மணியைக் கடித்துப் பாருங்கள், நாக்குதான் சரியான சோதனை. வடித்த தண்ணீரை மீன் இருக்கும் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்; சப்போனின் மீனுக்கு விஷம்.

தொட்டிச்செடி:
ராத்திரி முழுக்க ஊறவைத்தால் கசப்பு தானாக இறங்கிவிடாதா?

முறமும்சல்லடையும்:
ஓரளவு இறங்கும். ஆனால் இந்த மணிக்கு உறக்கக்காலம் கிடையாது, ஈரம் பட்டதும் முளைவிடத் தொடங்கும். கழுவி வைத்துக்கொள்ள நினைத்தால் ஊறவைக்காமல் தேய்த்துக் கழுவி, உடனே துணியில் மெல்லியதாகப் பரப்பிக் காற்றில் உலர்த்துங்கள். அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் பூசணம்தான். எனக்குக் கேட்டால், தோலோடு சேமித்து அன்றன்றைக்கு வேண்டியதைக் கழுவுவதே மேல். அந்தக் கசப்பைப் பறவைகளும் அவ்வளவாகத் தொடாது.

சமையலுக்கு ஒரு கப் மணிக்கு இரண்டு கப் தண்ணீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி 15 நிமிடம், அணைத்தபின் மூடியைத் திறக்காமல் 5 நிமிடம். வெந்த மணியிலிருந்து வெள்ளை நூல்போல வளையம் ஒன்று பிரிந்து நிற்கும், அது முளைக்கரு. புழுவோ என்று பயந்து கொட்டிவிட வேண்டாம்!

கதிரடி:
ஈரம் பட்டதும் முளைக்கும் என்றாரே, அது கதிரிலேயே நடக்கும். முற்றிய சமயம் மழை பிடித்தால் இரண்டொரு நாளில் கதிரோடு முளைத்துவிடும். இலை உதிர்ந்து, மணியை நகத்தால் அழுத்தினால் தடம் விழாத பதம் வந்ததும் அறுத்துவிடுங்கள். மழை வரும்போல இருந்தால் கொஞ்சம் முன்னதாகவே அறுத்து, கூரைக்கு அடியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடலாம். கீழே ஒரு துணி விரிக்க மறந்தால் பாதி மணி தரையில் போய்விடும்.